தமிழவேள் கோ.சா.வும் ஒரு வெள்ளியும்

வாசக அன்பர்களிடம் முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இக்கட்டுரையை எழுத நான் விரும்பி முன்வரவில்லை. இவ்வாண்டு மலரை அச்சிடுவதா, மின்னூலாக மட்டும் வெளியிடுவதா என்று நம் பேரவையின் செயலவைக் கூட்டத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. அச்சுச் செலவு கூடிவிட்டது, விளம்பரம் தருவோர் குறைந்துவிட்டனர் என்று பொருளாளர் கணக்கை விரித்துக் காட்டினார். மின்னூலே போதும் என்ற அணியில்தான் நானும் இருந்தேன். கடை கடையாக ஏறி நன்கொடை கேட்பது எனக்குப் பிடிக்காத வேலை. சென்ற ஆண்டு ஒரு கடையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நினைவு இன்னும் போகவில்லை. கடைசியில் கைகளை உயர்த்தி வாக்கெடுத்ததில் எங்கள் அணி தோற்றது. தோற்ற எனக்கு இரண்டு பொறுப்புகளைக் கொடுத்தார்கள்: மறைந்த தலைவர் ஒருவரைப் பற்றிய கட்டுரை, ஒரு ரசீதுப் புத்தகம்.

ரசீதுப் புத்தகத்தைப் பையின் அடியில் போட்டுவிட்டு, கட்டுரைக்கு யாரை எடுக்கலாம் என்று வார இறுதியில் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். கூடத்தில் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்த பாட்டி, முரசு சாரங்கபாணியைப் பற்றி எழுதேன் என்றார். எண்பது வயதாகும் பாட்டி பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். சிங்கப்பூரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அங்கு வாழ்ந்த பத்திரிகையாசிரியர் ஒருவரின் பெயர் இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு வியப்பு. தன் அப்பா அவருக்கு ஒரு வெள்ளி கொடுத்தார் என்றார் பாட்டி. அந்த ஒரு வெள்ளியைத் தேடிப் போனதுதான் இக்கட்டுரை.

கோ. சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் தமிழ்நாட்டின் திருவாரூரில் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் படித்த அவர், 1924இல் தம் 21ஆவது வயதில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். கப்பலேறி வந்த பெரும்பாலோரைப் போல அவர் பால்மரம் வெட்ட வரவில்லை. கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். அதே 1924இல்தான் கோலாலம்பூரில் தமிழ் நேசன் தொடங்கப்பட்டது. நான் மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 2019இல் அந்நாளேடு நின்றுபோனதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அன்று அது ஒரு செய்தியாகக்கூடப் பேசப்படவில்லை.

அக்காலத்துத் தமிழர் வாழ்வைச் சற்றே கற்பனை செய்து பாருங்கள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, பிறகு பால் வெட்டு, மாலையில் கள்ளுக்கடை, ஆண்டுக்கொரு முறை கோயில் திருவிழா. நகரத்திலோ துறைமுகத்திலும் நகராட்சியிலும் கூலி வேலை, கூலி லயத்தில் ஒண்டுக்குடித்தனம். எந்தக் குழாயில் யார் தண்ணீர் பிடிக்கலாம், யார் வீட்டில் யார் கைநனைக்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. கடலைக் கடந்து வந்தவர்கள் சாதியைக் கரையில் விட்டுவிட்டு வரவில்லை. தோட்டத்துரை, கங்காணி, கள்ளுக்கடை, சாதி ஆகிய நான்குமே ஒருவகையில் அமைப்புகள்தாம். தொழிலாளி எப்போது எழுவது, எதைக் குடிப்பது, யாரை மணப்பது என்பதையெல்லாம் அவனைக் கேட்காமலேயே அவை தீர்மானித்தன. இந்தப் பழைய அமைப்புகளுக்கு எதிராக வெறும் பேச்சை மட்டும் வைக்காமல் புதிய அமைப்புகளை எழுப்பியதுதான் கோ.சா.வின் வாழ்நாள் பணி எனலாம்.

1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயா வந்தார். பினாங்கில் இறங்கி ஊர் ஊராகப் பேசிச் சிங்கப்பூரிலும் உரையாற்றினார். சுயமரியாதைக் கருத்துகளில் முன்பே ஈடுபாடு கொண்டிருந்த கோ.சா.வுக்கு அது பெரும் ஊக்கமாக அமைந்தது. அக்காலக்கட்டத்தில் முன்னேற்றம் என்னும் வார இதழின் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். 1932இல் அ. சி. சுப்பையா, ஓ. இராமசாமி நாடார் போன்றோருடன் அவரும் முன்னின்று உழைக்க, தமிழர் சீர்திருத்தச் சங்கம் சிங்கப்பூரில் உருவாயிற்று. சாதி வேற்றுமை, கள்ளுக்குடி, சடங்குகளுக்காகக் கடன்படுதல் ஆகியவற்றைச் சங்கம் எதிர்த்தது. எளிய சீர்திருத்தத் திருமணங்களை நடத்தி வைத்தது. இவற்றுள் திருமணமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேடையில் சாதி ஒழிக என்று முழங்குவது எளிது. புரோகிதரும் உறவினரும் வராத ஒரு திருமணத்தை முன்னின்று நடத்தி, அந்தத் தம்பதியருக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது என்று காட்டுவதற்கு ஒரு சங்கம் வேண்டும்.

கோ.சா. இதை ஊருக்கு மட்டும் சொல்லவில்லை. 1937இல் அவர் லிம் பூன் நியோ என்னும் பெரானாக்கான் சீனப் பெண்மணியை மணந்தார். இன்றைக்கும் நம் வீடுகளில் இப்படியொரு பேச்சு எழுந்தால் என்ன நடக்கும் என்பதை உங்கள் எண்ணத்துக்கே விட்டுவிடுகிறேன்.

1935 ஜூலை 6ஆம் நாள் சீர்திருத்தச் சங்கத்தின் ஏடாகத் தமிழ் முரசு பிறந்தது. முதலில் வார இதழ். விலை ஒரு காசு. சில காலத்தில் கோ.சா.வே அதன் பொறுப்பு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். 1937இல் அது நாளிதழாக வளர்ந்தது. இன்று கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி பார்க்கும் நமக்கு, ஒரு நாளிதழ் எப்படி ஒரு மனிதனின் நாளையே மாற்றும் என்பது விளங்குவது கடினம். எனக்கு அதை விளக்கியவர் பாட்டிதான். அவர் சிறுமியாக இருந்தபோது, தோட்டத்துக் கடைக்கு முரசு வந்து சேரும். மாலையில் எழுத்தறிந்த ஒருவர் பெஞ்சில் அமர்ந்து உரக்க வாசிப்பார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்து கேட்பார்கள். வாசிப்பவர் இடையிடையே நிறுத்தித் தம் கருத்தையும் சேர்த்துக்கொள்வாராம். எது செய்தி, எது அவர் சரக்கு என்று பிரித்தறிவது சிரமம் என்று பாட்டி சிரிக்கிறார். அந்த ஒரு மணி நேரம் கள்ளுக்கடைக்குப் போகாத ஒரு மணி நேரம். பாட்டியின் அப்பா குடியை விடவில்லை. ஆனால் வாசிப்பு முடிந்த பிறகுதான் கிளம்புவாராம். ஒரு பத்திரிகையின் வெற்றியை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜப்பானியர் ஆட்சியில் முரசு நின்றது. போருக்குப் பின் மீண்டும் வந்தது. தமிழ் அறியாதவர்களிடமும் இந்தியர்களின் குரல் போய்ச்சேர வேண்டும் என்று 1946இல் இந்தியன் டெய்லி மெயில் என்னும் ஆங்கில நாளிதழையும் கோ.சா. தொடங்கி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடத்தினார்.

1950களே அவர் வாழ்வின் செழிப்பான காலம். தமிழர்கள் சமயத்தாலும் சாதியாலும் ஊராலும் பிரிந்து, நூற்றுக்கணக்கான சிறு சங்கங்களாகச் சிதறிக் கிடந்தனர். தமிழர் பிரதிநிதித்துவ சபை அவர்களை ஒரு குடையின்கீழ்க் கொண்டுவர முயன்றது. 1952 முதல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. இந்துக்களுக்குத் தீபாவளி, முஸ்லிம்களுக்கு நோன்புப் பெருநாள், கிறிஸ்துவர்களுக்குக் கிறிஸ்துமஸ். ஆனால் தமிழர் அனைவரும் ஒன்றாகக் கூட ஒரு நாள் இல்லை. அந்தக் குறையை நீக்க எழுந்ததே இத்திருநாள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று சிங்கப்பூரிலும் மலாயாவின் பல ஊர்களிலும் அது நடந்தது. பிற்காலத்தில் எழுத்தாளர்களாகவும் கலைஞர்களாகவும் அறியப்பட்ட பலர் முதன்முதலாக மேடையேறியது அங்கேதான்.

அதே காலத்தில் முரசில் மாணவர்களுக்கென மாணவர் மணிமன்றம் என்னும் பகுதி தொடங்கப்பட்டது. பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள். அச்சில் தம் பெயரைக் கண்டவர்கள் மேலும் எழுதினார்கள். பிறகு அவர்கள் தங்கள் தோட்டங்களிலும் ஊர்களிலும் மன்றங்களை அமைத்தார்கள். நம் நாட்டில் தமிழ் இளைஞர் மணிமன்றம் வேரூன்றிய கதை இப்படித்தான் தொடங்குகிறது. பத்திரிகையின் ஒரு மூலைப் பக்கம், ஊரிலுள்ள ஒரு பலகைக் கட்டடமாக மாறியது என்பது எனக்கு இன்னும் நம்ப முடியாத செய்தி. என் பெரியப்பா இளமையில் மணிமன்றத்தில் இருந்தவர். இரவு வகுப்பு நடத்தியதையும், நாடகத்தில் பெண் வேடம் கட்டியதையும் இன்றும் சலிக்காமல் சொல்வார். அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் கூட்டக் குறிப்பு எழுதவும், கணக்கு ஒப்படைக்கவும், எதிர்க்கருத்துச் சொல்பவரை முழுவதும் பேசவிடவும் அவருக்குத் தெரியும். அவற்றில் மூன்றாவது, நம் செயலவையில் சிலருக்கு இன்னும் கைவரவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

இனி அந்த ஒரு வெள்ளிக்கு வருகிறேன். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. அங்கு இந்திய இயல் துறை ஒன்றை அமைக்கும் பேச்சு வந்தபோது, எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி எழுந்தது. வடமொழியை முதன்மையாக்க வேண்டும் என்ற கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது. இந்நாட்டு இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் உழைப்பில் எழுந்த நாட்டில் தமிழே கற்பிக்கப்பட வேண்டும் என்று முரசு விடாமல் வாதாடியது. வாதாடியதோடு நிற்காமல், தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் ஒரு நிதியையும் தொடங்கியது. துறைக்குத் தமிழ் நூல்கள் வேண்டுமல்லவா? அதற்கான பணத்தை மக்களிடமே திரட்டுவது என்று முடிவாயிற்று. செல்வர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் தோட்டத் தொழிலாளிகளிடமும் கடைச் சிப்பந்திகளிடமும் கேட்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் வாசலையே கண்டிராதவர்கள் கொடுத்தார்கள்.

பாட்டியின் நினைவில் அது இப்படி இருக்கிறது. சம்பள நாள். கடையின் முன்னே ஒரு மேசை. தோட்டத்துக் கிராணி நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு வெள்ளியை வைத்துவிட்டு, பெயரைச் சரியாக எழுதும்படி இரண்டு முறை சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சத்தம் போட்டார்; அந்த வெள்ளிக்கு வீட்டில் எத்தனையோ வேலை இருந்தது. யாருக்காகக் கொடுத்தாய் என்று அம்மா கேட்டதற்கு அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். வீட்டில் இருந்த நான்கு பிள்ளைகளில் ஒருவர்கூட இடைநிலைப்பள்ளிக்குப் போகப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

1956இல் இந்திய இயல் துறை தொடங்கியது. தமிழ் அதில் முதன்மை பெற்றது. பின்னர் அது கோலாலம்பூர் வளாகத்துக்கு வந்தது. தனிநாயக அடிகளார் அதன் தலைவராக இருந்த காலத்தில்தான், 1966 ஏப்ரலில், முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இதைப் படித்தபோது என் இடைநிலைப்பள்ளி நாள்கள் நினைவுக்கு வந்தன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டு, பெராலிஹான் எனப்படும் ரிமூவ் வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, பிறகு முதலாம் படிவத்துக்குப் போனவள் நான். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. எங்கள் பள்ளியில் சனிக்கிழமை காலைகளில் அந்த வகுப்பு நடந்தது. நான்காம் படிவத்தில் ஆசிரியர் மாற்றலாகிப் போனார். வேறொருவர் வரவில்லை, நோய்த்தொற்றுக் காலமும் சேர்ந்துகொண்டது. பள்ளியில் கேட்டபோது, தமிழை விட்டுவிட்டு மற்றப் பாடங்களில் கவனம் செலுத்தும்படி அறிவுரை கிடைத்தது. உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைப்பேசி வழியே இரவில் சொல்லிக்கொடுத்ததால் நானும் இன்னும் இருவரும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எழுதினோம். ஒரு மொழி நம்மை விட்டுப் போவது யாரோ தடை போடுவதால் மட்டுமன்று. ஒரு சனிக்கிழமை வகுப்பு நடக்காமல் போகிறது, யாரும் கடிதம் எழுதுவதில்லை, அவ்வளவுதான். கோ.சா. கடிதம் எழுதுகிற மனிதர். அதையும் நாள்தோறும் அச்சிட்டு எழுதுகிற மனிதர்.

குடியுரிமை விஷயத்திலும் அவர் போக்கு அப்படித்தான். 1957இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ஊர் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பிலேயே நம்மவர் பலர் விண்ணப்பிக்காமல் இருந்தனர். படிவத்தை நிரப்பவும் பலருக்குத் தெரியாது. விண்ணப்பியுங்கள் என்று தலையங்கம் தீட்டியதோடு விடாமல், முரசு அலுவலகத்திலேயே படிவம் நிரப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார் கோ.சா. குடியுரிமை இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு நம் நாட்டில் அல்லல்பட்ட குடும்பங்களை அறிந்தவர்களுக்கு, அந்த ஒரு மேசையின் மதிப்பு தெரியும். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்றாக இடம் பெற்றதிலும் அவருடைய இடைவிடாத முயற்சிக்குப் பங்குண்டு. 1960இல் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி உயர்நிலைப்பள்ளியாக உயர்ந்ததற்கும் அவர் துணை நின்றார்.

குறைகளே இல்லாத மனிதராக அவரைக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1963இல் முரசின் ஊழியர்களே வேலைநிறுத்தத்தில் இறங்க, ஏறக்குறைய ஓராண்டு காலம் நாளிதழ் வெளிவரவில்லை. உழைப்பவர்களின் ஏடு தன் உழைப்பாளிகளாலேயே நின்றது அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்த ஊழியர்களின் வீட்டு அடுப்பையும் எண்ணிப் பார்க்கிறேன். மேலும், சங்கம், சபை, திருநாள், பத்திரிகை என எல்லாவற்றுக்கும் அவரே அச்சாணியாக இருந்தார். 1965இல் இரு நாடுகளும் பிரிந்தன, அவருக்கும் வயதாயிற்று. தமிழர் திருநாளின் பழைய வேகம் மெல்லத் தணிந்தது. அடுத்த அச்சாணியை அவர் தேடி வைத்திருக்கலாம் என்று இருபத்திரண்டு வயதில் எழுதுவது எளிது. பதவிக்காலம் முடியும்போது பேரவைக்கு ஆள் கிடைக்காமல் ஒவ்வொரு விடுதியாக நாம் கதவைத் தட்டுவதை நினைத்தால் பேனா தயங்குகிறது.

1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் கோ.சா. மறைந்தார். உமறுப் புலவர் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது; ஆனால் அப்பெயரில் ஒரு தமிழ்மொழி நிலையம் சிங்கப்பூரில் இயங்குகிறது. தமிழ் முரசு அவர் குடும்பத்தாரிடமிருந்து கைமாறி, 2025இல் தொண்ணூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. அதன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கிறது. பாட்டிக்குக் கைப்பேசியில் ஓர் இதழைப் பெரிதாக்கிக் காட்டினேன். செய்திகளை விட்டுவிட்டுத் திரைப்பட விளம்பரங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இந்திய இயல் துறை மாணவி அல்லள், கணக்கியல் படிக்கிறேன். இக்கட்டுரைக்காகத்தான் நம் பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கும் அடுக்கு வரை முதன்முறையாகப் போனேன். மூன்றாண்டுகளாக அதற்குக் கீழ்த்தளத்தில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பழுப்பேறிய கெட்டி அட்டை நூல்கள் வரிசையாக நின்றன. சிலவற்றைப் பல ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை என்று உள்ளே ஒட்டியிருந்த தேதித்தாள் காட்டியது. இவற்றுள் எது அந்த ஒரு வெள்ளியில் வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டு நூல்களை இரவல் வாங்கினேன்.

மறுவாரம் வீட்டுக்குப் போனபோது பையிலிருந்து ரசீதுப் புத்தகம் வெளியே வந்து விழுந்தது. அது என்னவென்று பாட்டி கேட்டார். மலருக்கு என்றேன். உள்ளே போய்ச் சுருக்குப்பையை எடுத்து வந்து பத்து ரிங்கிட் நோட்டொன்றை நீட்டினார். வேண்டாம், கடைகளில்தான் வாங்குவோம் என்று மறுத்தேன். கேட்கவில்லை. முதல் தாளில் பாட்டியின் பெயரை எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தார். தகப்பன் பெயரின் முதலெழுத்து விட்டுப்போயிருக்கிறது, வேறு எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன்.